நிமிர்த்திக் காட்டும் கண்ணாடி

"வானம் பாக்குறதுக்கா சார், தரையப் பாக்குறதுக்கா?" என்று கடைக்காரம்மா மெஹருன்னிசா சாதாரணமாகத்தான் கேட்டாள். தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. வானம்தான், டெலஸ்கோப்பை வேற எதுக்கு வாங்குவாங்க என்று கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் இவ்வளவு உரக்கச் சொல்லியிருக்க வேண்டாமே என்று பட்டது. உரக்கச் சொல்கிறவனைத்தான் அவர் முதலில் சந்தேகப்படுவார். வேலை அப்படி. அடிபட்ட கார்களைப் போய்ப் பார்த்து, இது தானாக இடித்ததா, இடிக்க வைத்ததா என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கிற சர்வேயர் அவர். மாடு குறுக்கே வந்துவிட்டது என்பார்கள். நசுங்கின இடத்தைப் பார்த்தால் மாட்டின் உயரத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் எங்கோ கீழே இருக்கும், விரலால் தடவினால் காம்பவுண்டுச் சுவரின் காவி ஒட்டிக்கொண்டு வரும். மனிதர்கள் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டே தகரத்தைத்தான் அவர் படிப்பார். தகரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று ஆபீசில் புதிதாக வருகிற பையன்களிடம் பெருமையாகச் சொல்லவும் செய்வார். அந்தப் பெருமையெல்லாம் ஆபீசோடு இருந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இப்போது அது வீட்டுக்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் வசுமதியிடம் கேட்டுவிடுவது என்று காலையில் பல் தேய்க்கும்போதே தீர்மானம் பண்ணியாகிவிட்டது. எதிர் பிளாக்கில் இருந்தானே, அவன் இதை வைத்து உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், அது உனக்குத் தெரியுமா தெரியாதா? அவ்வளவுதான் கேள்வி. கேட்டுவிட்டால் பிறகு அதை வாய்க்குள் திருப்பிப் போட்டுக்கொள்ள முடியாது. அவள் ஆமாம் என்றாலும் போச்சு, இல்லை என்றாலும் போச்சு, இப்படியொரு கேள்வியைக் கேட்ட புருஷனோடு நாளைக் காலையில் அவள் எந்த முகத்தோடு காப்பி கலப்பாள்? ஆனாலும் கேட்காமல் இருக்க முடியாது போலிருந்தது.

டெலஸ்கோப் ஒரு பழைய பெட்ஷீட்டில் சுற்றிக் கண்ணாடி மேஜைமேல் கிடந்தது. எதிர் பிளாக் மூன்றாவது மாடி இளம்பரிதி வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு ஓசூருக்குப் போகும்போது இவரிடம் விற்றுவிட்டுப் போனது. காலேஜில் கெமிஸ்ட்ரி வாத்தியார், கல்யாணம் ஆகாதவர், லிஃப்டில் பார்த்தால் வணக்கம் சொல்வார். போன வாரம் வரைக்கும் தணிகாசலத்தின் மனசில் அவர் 'அவர்'தான். இந்த வாரம் 'அவன்' ஆகிவிட்டான். விலையைக் கேட்டபோது அநியாயத்துக்குக் குறைத்துச் சொன்னான், அதுதான் முதல் உறுத்தல், நல்ல வண்டியை எவன் அடிமாட்டு விலைக்குக் கொடுப்பான்? ஐபீஸ் ஒன்றுகூட இல்லை. கண்ணை வைத்துப் பார்க்கிற சின்னக் கண்ணாடிக் குமிழ், அது இல்லாமல் மீதியெல்லாம் வெறும் குழாய். ஃபைண்டரும் இல்லை. பெரிய குழாயின் முதுகில் உட்கார்ந்திருக்கும் குட்டிக் குழாய் அது, முதலில் அதில் குறி பிடித்துக்கொண்டுதான் பெரியதில் பார்க்க வேண்டுமாம். ஸ்டூடன்ட்ஸ் வாங்கிட்டுப் போனாங்க சார், திருப்பித் தரல என்று சிரித்துக்கொண்டே சொன்னான். காரில் கேமரா இருந்தது, கார்டு மட்டும் எங்கேயோ விழுந்துவிட்டது என்று சொன்ன டிராவல்ஸ்காரன் ஒருவன் இதே மாதிரிதான் சிரித்தான். எல்லாம் பத்திரமாக இருக்கும், எது பார்த்ததோ அது மட்டும் காணாமல் போகும். ஆனால் எவ்வளவு கெட்டிக்காரனும் ஒன்றை விட்டுவிட்டுப் போவான். குழாயின் வாலில் ஒரு முழங்கை மாதிரி வளைந்த கறுப்புச் சாமான் செருகியிருந்தது. வீடியோக்களில் பார்த்துத் தெரிந்துகொண்டார், அது ப்ரிஸம், தலைகீழாகத் தெரிவதை நிமிர்த்திக் காட்டுவது. டெலஸ்கோப்பில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும், நட்சத்திரத்துக்குத் தலை ஏது கால் ஏது, வானம் பார்க்கிறவன் அதைப் பற்றிக் கவலைப்பட மாட்டான் என்று அந்த வீடியோவில் ஒருவர் சொன்னார். அப்படியானால் நிமிர்ந்து தெரிய வேண்டியது எது? தலையும் காலும் உள்ளது எது? அதைக் கேட்ட இடத்திலேயே போனை அணைத்துவிட்டு ஜன்னல் வழியாக எதிர் பிளாக்கின் பூட்டின பால்கனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் அந்தக் கம்பி. குழாயை ஏற்றி இறக்கி நிறுத்துவதற்குப் பக்கத்தில் ஒரு கம்பி உண்டு, வேண்டிய இடத்தில் திருகு வைத்து முடுக்கலாம். முடுக்கின இடத்தில் கீறல் விழும். கீறல்கள் கம்பி முழுக்கப் பரவியிருந்தால் அவர் பேசாமல் போயிருப்பார். எல்லாம் ஒரே இடத்தில் மொய்த்துக்கொண்டிருந்தன. அந்த இடத்தில் வைத்து முடுக்கிப் பார்த்தார். குழாய் வானத்தைப் பார்க்கவில்லை. படுத்துக்கொண்டது, படுத்தது போதாதென்று மூக்கைக் கொஞ்சம் கீழே தாழ்த்திக்கொண்டது. அவன் இருந்தது மூன்றாவது மாடி. இவர்கள் இருப்பது இரண்டாவது.

"இது இருபத்தஞ்சு, ஆரம்பத்துக்கு இதுதான் லேசு, கண்ணு வலிக்காது. இது பத்து. நம்பர் கொறஞ்சா நெறைய பெருக்கும், ஆனா கொஞ்சம் மங்கலா இருக்கும்" என்று மெஹருன்னிசா இரண்டு ஐபீஸ்களை ஒரு துணிமேல் வைத்தாள். நிலம் அளக்கிற கருவிகள் விற்கிற கடை அது, பாரிமுனைப் பக்கத்துச் சந்தில் முதல் மாடி, அவள் அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. டெலஸ்கோப் சாமான் நடுவில் வந்து சேர்ந்த வியாபாரம். தணிகாசலம் ஒன்றை எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். ஓரத்தில் ஒரு கோடு மாதிரி இருந்தது, கீறலா நிழலா? ஊதிப் பார்த்தார், ஆவி படிந்து விலகியது, மறுபடி ஊதினார், இந்தத் தடவை ஆவி ஒரு பக்கம் மெதுவாக விலகுகிற மாதிரி இருந்தது, மோந்து பார்த்தார். பழைய சரக்கைத் துடைத்துப் புது டப்பாவில் போட்டிருந்தால் ஒரு வாடை வரும், இதில் வாடையே வரவில்லை, வாடையே வராமல் இருப்பதும் நல்லதாகப் படவில்லை. "புதுசுன்னா கவர் ஏன் பிரிஞ்சிருக்கு?" என்றார். "இப்ப நீங்கதானே சார் பிரிச்சீங்க" என்றாள் அவள். அது உண்மைதான். தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார், பிளாஸ்டிக் துணுக்கு ஒன்று இன்னும் கட்டைவிரலில் ஒட்டியிருந்தது. பிறகு ஒன்றும் தெரியாதவர் மாதிரி, போகிற போக்கில் கேட்கிற மாதிரி, அந்தக் கறுப்பு முழங்கையைக் கழற்றிக் காட்டி இது எதற்கு என்று கேட்டார். கேட்கும்போது குரல் ஒரு மாதிரி வழவழவென்று வந்தது. "நிமிர்த்திக் காட்டும் சார். இந்த மாடலுக்கு எல்லா பொட்டியிலயும் இது வரும், கம்பெனியே வச்சுக் குடுக்குறது. யாரும் தனியா கேட்டு வாங்குறதில்ல" என்றாள் அவள். இந்தக் கம்பியில் ஒரே இடத்தில் கீறல் இருக்கிறதே, பாருங்கள் என்று அதையும் கேட்டுவைத்தார். அவள் பார்த்துவிட்டு, "வேலை முடிஞ்சதும் மூக்கைக் கீழ சாய்ச்சுப் பூட்டி வைப்பாங்க சார், தூசி உள்ள போகாதுன்னு. வச்சிருந்தவர் நல்லா பாத்துக்கிட்டிருக்கார்" என்றாள். ஒரு வாரமாகக் கல் கல்லாக அடுக்கினதை அந்தம்மா இரண்டு வாக்கியத்தில் உருட்டிவிட்டாள். வேறு யாராயிருந்தாலும் அந்த இடத்திலேயே பெருமூச்சு விட்டு, ஒரு டீ குடித்து, வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள். தணிகாசலத்துக்கு மூக்கு வேர்த்தது. கேள்வி முடிவதற்குள் பதில் வைத்திருக்கிற மெக்கானிக்குகளை அவருக்குத் தெரியாதா? வச்சிருந்தவர் என்றாளே, ஆண் என்று இவளுக்கு யார் சொன்னது? அவனும் இந்தக் கடையில்தான் வாங்கியிருப்பானோ, இதே மேஜை முன்னால் நின்று, வானமா தரையா என்று இவள் கேட்க, அவன் என்ன சொல்லியிருப்பான்? அவனும் உரக்கத்தான் சொல்லியிருப்பானோ?

ஆனால் கம்பியும் ப்ரிஸமும் போனால் போகட்டும், மூடி இருக்கிறதே. டெலஸ்கோப்பை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றைக்கு வசுமதி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள், முன்பக்கத்துப் பெரிய மூடியின் நடுவில் பொட்டு மாதிரி ஒரு குட்டி மூடி இருந்தது, இவர் அதை மட்டும் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அய்ய, அத இல்ல, பெருசக் கழட்டணும் என்று சொல்லி அவள் ஒரே திருகில் கழற்றிவிட்டுச் சிரித்தாள். எவ்வளவு பழகின கை! இத்தனை வருஷத்தில் அவள் ஒரு டெலஸ்கோப்பைத் தொட்டதாக இவருக்கு நினைவில்லை. உனக்கு எப்படித் தெரியும் என்று அப்போதே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஊறுகாய் ஜாடிக்கு ரெண்டு மூடி இருக்கிறதில்லையா, அது மாதிரிதானே என்று ஏதாவது சொல்லியிருப்பாள், விஷயம் அதோடு போயிருக்கும். அப்போது கேட்காமல் விட்டதால் அந்தச் சிரிப்பு உள்ளே போய் வளர ஆரம்பித்தது. அதற்கப்புறம் துணி. முன்பெல்லாம் பால்கனிக் கொடியில்தான் காயப்போடுவாள், ஈரப் புடவையை உதறுகிற சத்தத்தில் இவருக்கு ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் கலையும். அவன் வீட்டைக் காலி பண்ணின வாரத்திலிருந்து மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறாள். ஏன் என்று நேற்று கேட்டார். வெயில் அந்தப் பக்கம் போயிடுச்சுங்க, பால்கனியில இப்ப அடிக்கிறதே இல்ல என்றாள். வெயில் போகுமா? போகும், சூரியன் வருஷத்தில் ஆறு மாதம் வடக்கே ஆறு மாதம் தெற்கே போகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பால்கனியில் போய்ப் பார்த்தார், வெயில் இல்லை. ஆனால் சூரியன் நகர்வதற்கும் ஒருவன் வீடு மாறுவதற்கும் ஒரே வாரம்தானா கிடைத்தது? எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது, அதுதான் தாங்கவில்லை. ஒரு நிஜமான விபத்தில் பொருந்தாத சாமான் ஒன்றாவது கிடக்கும், டிரைவருக்கே தெரியாத ஒரு கீறல், விளங்காத ஒரு கண்ணாடித் துண்டு. எல்லாம் பொருந்தினால்தான் அவர் கிளெய்மை நிறுத்தி வைப்பார். மகன் புனேக்கு வேலைக்குப் போன பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான், காலையில் எட்டரைக்கு இவர் கிளம்பினால் சாயங்காலம் வரைக்கும் அவள் ஒருத்தி. அந்த நேரமெல்லாம் அவள் என்ன செய்கிறாள் என்று இதுவரை ஒருநாளும் அவருக்குத் தோன்றியதில்லை. வேலை செய்வாள், டிவி பார்ப்பாள், தூங்குவாள், வேறென்ன என்று இருந்துவிட்டார்.

போட்டுப் பார்த்து எடுத்துக்கோங்க என்று மெஹருன்னிசா அவரை டெலஸ்கோப்போடு மொட்டை மாடிக்கு அழைத்துப் போனாள். ஏணிப்படி மாதிரிச் செங்குத்தான படி, மேலே தண்ணீர்த் தொட்டி, ஒரு ஓரத்தில் காயப்போட்ட மிளகாய், கடற்காற்று. ஹைகோர்ட்டுக் கலங்கரை விளக்கத்தின் உச்சி தெரிந்தது. இங்கே எல்லாரும் அதை வைத்துத்தான் சரி பார்ப்பார்களாம். அவள் ஒரு ஃபைண்டரை முதுகில் மாட்டினாள். நடுவில் கூட்டல் குறி போட்டிருந்தது, அந்தக் குறியில் விளக்கின் உச்சி விழும்படி மூன்று திருகுகளை மாற்றி மாற்றித் திருப்பச் சொன்னாள். தலைகீழாகத் தெரிந்தது. வலது பக்கம் திருப்பினால் இடது பக்கம் ஓடியது, மேலே என்று நினைத்தால் கீழே போனது. இது வானத்துக்கு நல்லா இருக்கும், நெறைய வெளிச்சம் வாங்கும், இன்னொண்ணு இருக்கு, நிமிந்து தெரியறது, ஆனா வானம் பாக்குறவங்களுக்கு அது தேவப்படாது என்றாள். கீழே யாரோ வாடிக்கையாளர் கூப்பிட, அந்த இன்னொன்றையும் தொட்டிமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். தணிகாசலம் தனியாக நின்றார். விளக்கு கூரையிலிருந்து தொங்குகிற கூஜா மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. சும்மா இருக்கட்டுமே என்று ப்ரிஸத்தைச் செருகி, இருபத்தைந்தைப் போட்டார், விளக்கு நிமிர்ந்தது. குழாய் தானாகத்தான் கொஞ்சம் தாழ்ந்தது, திருகைச் சரியாக முடுக்கவில்லை போல. மரக்கிளை, டிஷ் ஆன்டெனா, சாயம் போன சுவர், ஒரு மொட்டை மாடி, அதில் ஒரு பெண். கவிழ்த்த பக்கெட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள். வசுமதி வயசு இருக்கும், நைட்டிமேல் துண்டு போட்டிருந்தாள். எதிரே கொடியில் தொங்கின சட்டையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். வாய் அசைவது தெரிந்தது, சத்தம் இல்லை. கையை நீட்டி, மடக்கி, ஒரு விரலை ஆட்டி, பிறகு சட்டை பதில் சொல்லி முடிக்கட்டும் என்கிற மாதிரி நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தாள். யாரோடோ போடப்போகிற சண்டையை ஒத்திகை பார்க்கிறாள். நடுவில் தானே சிரித்துவிட்டாள். சிரித்ததை யாராவது பார்த்தார்களா என்று நிமிர்ந்தவள் நேராகத் தணிகாசலத்தின் கண்ணைப் பார்த்தாள். சட்டென்று தலையை இழுத்துக்கொண்டார், பின்கழுத்து சுட்டது. வெறும் கண்ணால் பார்த்தால் அங்கே ஒன்றுமில்லை, தூரத்தில் பல கூரைகளுக்கு நடுவே ஒரு கூரை, எறும்பு அளவுக்கு ஏதோ நிறம். அவளுக்கு இவர் தெரிந்திருக்க வழியே இல்லை. தெரியாது என்று உறுதியானதும் அவர் மறுபடி குனிந்தார். குனிந்ததில் வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் குனிந்தார். அவள் இப்போது பேசவில்லை, ஒரு கொய்யாவைக் கடித்துக்கொண்டு கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் என்ன இருக்கிறது பார்ப்பதற்கு? ஒன்றுமில்லை. ஆனாலும் பத்தாம் நம்பரை எடுத்து மாற்றினார், அவள் இன்னும் கிட்டே வந்தாள், கொஞ்சம் மங்கலாக, படம் நடுங்கியது, அவர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

கண்ணை எடுத்தபோது எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியவில்லை, மிளகாயின்மேல் தொட்டியின் நிழல் ஏறியிருந்தது. அப்போதுதான் அவருக்கு அது உறைத்தது. இளம்பரிதி பார்த்தது புடவை விலகினதையோ தலை துவட்டினதையோ அல்ல, அதெல்லாம் பார்த்திருந்தால் போய்த் தொலையட்டும் என்றுகூட விட்டுவிடலாம். தனியாக இருக்கும்போது வசுமதி எப்படி இருப்பாள் என்று அவன் பார்த்திருக்கிறான். அது இவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முடியாது. ஏனென்றால் இவர் வீட்டுக்குள் கால் வைத்த நிமிஷம் அவள் தனியாக இல்லை. பூட்டைத் திறக்கிற சத்தத்திலேயே அவள் வேறு ஒருத்தியாகி, காப்பிக்குப் பாலை எடுத்து வைத்துவிடுவாள். கொடியோடு பேசுவாளா? பேசினால் அந்தக் கொடியில் தொங்குவது யார் சட்டை? அவளும் நடுவில் இப்படிச் சிரித்துக்கொள்வாளா? இத்தனை வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவனுக்குத் தெரியாதது எதிர் வீட்டுக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தபோது அவருக்கு வந்தது கோபம் இல்லை. பொறாமை. பச்சைப் பொறாமை. அவனும் தெரிந்தே பார்த்தானா? இந்த மாதிரித் திருகு தளர்ந்து, குழாய் தானாகத் தாழ்ந்து, ஒருநாள் தற்செயலாகப் பார்த்திருப்பானா? பார்க்கப்படுகிறவளுக்குத் தெரியுமா என்பது பார்க்கிறவனுக்குக்கூடத் தெரியாதே, இவரே இப்போது பார்த்தாரே, அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா தெரியாதா என்று யாராவது கேட்டால் இவரால் சத்தியம் பண்ண முடியுமா? அப்படியானால் வசுமதியிடம் கேட்டு என்ன பிரயோஜனம், வாயால் சொல்வதை என்றைக்கு நம்பினார் இவர்? சந்தேகமான கேஸில் கடைசியாக ஒன்று செய்வார்கள். இடித்த இடத்துக்கே போய், அதே நேரத்தில், அதே மாதிரி வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள், ஸ்பாட் சர்வே. வெளிச்சம் எப்படி, வளைவில் எவ்வளவு தூரம் தெரியும், டிரைவர் நிஜமாகவே பார்த்திருக்க முடியுமா என்று. எதிர் பிளாக் வீடு காலியாகத்தான் இருக்கிறது. சாவி வாட்ச்மேன் லூர்துவிடம். அசோசியேஷன் செக்ரட்டரிக்கு ஒரு வீட்டைத் திறந்து ஒழுகல் பார்க்கக் காரணமா கிடைக்காது, இந்த வருஷம் செக்ரட்டரி இவர்தானே. ஒரே ஒரு தடவை. எவ்வளவு தெரிகிறது என்று பார்த்துவிட்டால் கேள்வியையே கேட்க வேண்டாம். கேட்காமல் இருப்பது அவளுக்கும் நல்லதுதானே, அவளுக்காகத்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டது கொஞ்சம் உரக்கவே கேட்டது. தொட்டிமேல் இருந்த நிமிர்ந்து தெரிகிற ஃபைண்டரை எடுத்து முதுகில் மாட்டினார். வலதில் திருப்பினால் வலதில் போனது, தேடின கூரை சட்டென்று கூட்டல் குறியில் வந்து நின்றது. பக்கெட் இருந்தது, அவள் இல்லை. அவருக்கு ஏமாற்றமாக இருந்தது.

கீழே வந்து இது போதும், இந்தப் பத்தாம் நம்பரும் இந்த ஃபைண்டரும் என்றார். மெஹருன்னிசா நிமிர்ந்து பார்த்தாள். "வானத்துக்குன்னீங்களே சார்?" "வானத்துக்கும் ஆகும்ல?" "ஆகும்" என்று சொல்லிவிட்டு அவள் துணியில் சுற்ற ஆரம்பித்தாள். அப்போது போன் அடித்தது, வசுமதி. "என்னங்க, கெடச்சுதா? மாடியெல்லாம் கூட்டித் தண்ணி தெளிச்சு வச்சிருக்கேன். காலண்டர்ல பாத்தேன், இன்னிக்கு நெலா சாயங்காலமே வந்துருமாம். வாங்க, மொதல்ல நான்தான் பாப்பேன், சொல்லிட்டேன்" என்றாள். பின்னால் குக்கர் சத்தம், அவள் குரலில் மகன் பரீட்சை பாஸான நாளில் இருந்த மாதிரி ஒரு துள்ளல். தணிகாசலத்துக்கு ஒரு நொடி எல்லாவற்றையும் இங்கேயே போட்டுவிட்டு வெறுங்கையோடு ஓடிவிட வேண்டும் போலிருந்தது. அதற்குள் வாய் பேசிவிட்டது. "எங்க கெடச்சுது? கடை பூட்டியிருக்கு. இன்னொரு எடத்துல சொல்லியிருக்காங்க, போயிட்டு வர எட்டு மணி ஆயிடும்" என்றார். சுற்றிக்கொண்டிருந்த மெஹருன்னிசாவின் கை நின்றது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "அதுவரைக்கும் நீ என்ன பண்ணப்போற?" "நானா? துணி மடிக்கணும், பால்கனியில காத்து வருது, அங்கதான் உக்காருவேன். ஏங்க?" "சும்மா கேட்டேன்." குரல் எங்கேயும் தடுக்கவில்லை. இருபது வருஷமாக எத்தனையோ டிரைவர்கள் பொய் சொல்லிக் கேட்டிருக்கிறார், இவ்வளவு சரளமாக ஒருவனும் சொன்னதில்லை. இனி அந்தப் பக்கம் ஒரு மௌனம் வர வேண்டும். பூட்டியிருக்கா, நேத்து போன் பண்ணிக் கேட்டேன்னீங்களே என்று வர வேண்டும். வந்தால் உடைந்துவிடலாம், உண்மையைச் சொல்லிவிடலாம், அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தார்.

"அய்யோ, இந்த வெயில்ல அலைய விட்டுட்டாங்களா" என்றாள் வசுமதி. "எளநி ஏதாச்சும் வாங்கிக் குடிச்சிட்டு மெதுவா வாங்க. நெலா எங்க போயிடப்போகுது."